தீனி எடுத்த சேவல்

அந்த ஞாயிற்றுக்கிழமை களத்தில் விழுந்த முதல் ரத்தம் ஒரு சேவலுடையது. அதில் தப்பில்லை, களம் இருப்பதே அதற்குத்தான். இரண்டாவது ரத்தம் வில்கினின் மாமனாருடையது. மூன்றாவது அவன் அப்பாவுடையது. இத்தனைக்கும் காரணமான வில்கின், சுவரோரம் நின்று, திரையில் எழுத்துகள் கடைசி வரிசை வரைக்கும் தெரிகின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்தான்.

தெரிந்தன. நன்றாகவே தெரிந்தன.

நீல மூலை: லியோன்சியோ. தீனி எடுத்தது.

வெள்ளை மூலை: பியென்வே. தீனி எடுத்தது.

போன வாரம் நாம் விட்டுவிட்டு வந்தபோது வில்கின் ஏணி உச்சியில், வாயில் இரண்டு திருகாணியோடு நின்றிருந்தான். மாமனார் பியென்வேயின் சேவல் களத்துச் சுவரில் அந்தப் பெரிய திரையை மாட்டிக்கொண்டிருந்தான். சேவல்களுக்கு ஜோடி போடும் மென்பொருளை மாதக்கணக்கில் உட்கார்ந்து எழுதியிருந்தான். அதுவரை தெனாரெஸ் ஊரில் ஜோடி போடுவதென்றால், எடை பார்த்துவிட்டு ஆண்கள் மூலைக்கு மூலை கூடி முணுமுணுப்பார்கள். ஒருவர் தோளை ஒருவர் தட்டுவார். யாராவது வெளியே போய்ச் சுருட்டு பிடித்துவிட்டு வருவார். அப்புறம் எப்படியோ ஜோடிகள் அமைந்திருக்கும். இதையெல்லாம் பார்த்த வில்கின் ‘நேர விரயம்’ என்று குறித்துக்கொண்டான். அவனுடைய மென்பொருள் அதே வேலையைக் கண்மூடித் திறப்பதற்குள் முடித்தது.

முடித்த முதல் ஜோடி, அவனைப் பெற்றவரும் அவனுக்குப் பெண் கொடுத்தவரும்.

மேல் வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது.

"சம்பந்திக்குச் சம்பந்தி சீர் செய்யப் போறாங்கடோய்!"

சிரிப்பு கூரைத் தகரத்தில் மோதித் திரும்பியது. வில்கினின் அப்பா லியோன்சியோ திரையைப் பார்த்தார், பதிவு மேசையைப் பார்த்தார், அப்புறம் தன் சேவலைப் பார்த்தார். பியென்வே தாடையை இறுக்கிக்கொண்டார். அத்தனை பேர் முன்னால், அவ்வளவு பெரிய எழுத்தில் பேர் வந்த பிறகு பின்வாங்குகிற ஆண்பிள்ளை அந்த ஊரில் இன்னும் பிறக்கவில்லை. எந்த ஞாயிறும் மத்தியானம் போகிற கரண்ட் அன்றைக்கு மட்டும் போகவில்லை.

பியென்வேயின் வெள்ளைச் சேவலுக்கு பிஷப் என்று பெயர். லியோன்சியோவின் சாம்பல் சேவல் முதலில் பிஷப்பின் கண்ணை எடுத்தது. பிஷப் குருட்டுப் பக்கமாகவே சுழன்று சுழன்று அடித்தது. இரண்டும் பந்து மாதிரி எழும்பி விழுந்தன. மூன்றாம் முறை எழும்பியபோது சாம்பலின் கால்முள் பிஷப்பின் கழுத்தில் இறங்கி மறுபக்கம் வந்தது. பிஷப்பின் தலை மணலில் சாய்ந்த பிறகும், மயிர் மழித்த அந்தச் சிவந்த கால்கள் மட்டும் சண்டை போட்டுக்கொண்டிருந்தன.

நடுவர் மணியடித்தார். பதிவு மேசையில் ஏழு மாத வயிற்றோடு உட்கார்ந்திருந்த வில்கினின் மனைவி நெரேய்தா முடிவை அமுக்கினாள். திரையில் வண்ணக் காகிதத் துண்டுகள் மழையாகக் கொட்டின. வில்கின் ஆசை ஆசையாகச் செய்த அலங்காரம் அது.

லியோன்சியோவுக்கு ஜெயித்த முகமே இல்லை. சேவலைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு, "நான் அப்பவே சொன்னேனே சம்பந்தி" என்றார்.

அதை பியென்வே ஜெயித்தவனின் பேச்சாக எடுத்துக்கொண்டார். பிஷப்பைக் காலைப் பிடித்துத் தூக்கி, சம்பந்தியின் முகத்தில் ஓங்கி ஓர் அடி அடித்தார். இறகும் ரத்தமும் முன்வரிசை வரைக்கும் தெறித்தன. வாழ்நாளில் ஒரு நாயைக்கூட அதட்டியிராத லியோன்சியோ, தடுப்புச் சுவர் மேலிருந்த ரம் பாட்டிலை எடுத்து பியென்வேயின் மண்டையில் உடைத்தார். பியென்வேயின் மகன் ரதாமெஸ் சுவரைத் தாண்டிக் குதித்தான். கால்முள்ளைக் கட்டும் பிளாஸ்டரை அறுக்கிற சின்னக் கத்தி அவன் கையில் இருந்தது.

வில்கின் ஓடினான். போகிற போக்கில் மேசை மேலிருந்த மடிக்கணினியைப் பிடுங்கி, கேடயம் மாதிரி தூக்கிக்கொண்டு நடுவில் பாய்ந்தான். கத்தி அந்தக் கேடயத்துக்கு ஒரு கீறலும் வராமல் மரியாதையாகச் சுற்றிக்கொண்டு போய் அவன் அப்பாவின் விலாவில் இறங்கியது. எங்கிருந்தோ ஒரு நாற்காலி பறந்து வந்தது. அது மட்டும் குறி தப்பவில்லை. நேராக வில்கின் தலையில் விழுந்தது.

கண் இருட்டுவதற்கு முன் அவன் கடைசியாகப் பார்த்தது, சுவரில் இன்னும் கொட்டிக்கொண்டிருந்த வண்ணக் காகிதம்.

*

வில்கினுக்கு ஆகாதவை இரண்டு. ஒன்று ரத்தம். சின்ன வயதில் களத்துக்குக் கூட்டிப்போன அன்றைக்கே மயங்கி விழுந்தவன் அவன். அதனால்தான் தம்பி யூதிஸ் ஞாயிறுதோறும் அப்பாவோடு களத்துக்குப் போக, இவன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். இரண்டாவது, தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு கேட்பது. அது எப்படி வினையானது என்பது இனிமேல்தான் அவனுக்கே தெரியப்போகிறது.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில், ஆபரேஷன் தியேட்டர் வாசலில், தள்ளுகட்டிலில் அப்பா கிடந்தார். விலாவில் வைத்து அழுத்தியிருந்த துணி, அவன் பார்க்கப் பார்க்க நிறம் மாறியது. வில்கின் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அப்பா..."

"தலையில என்னடா கட்டு?"

"நாற்காலிப்பா."

"யாரு போட்டது?"

"தெரியல."

"நல்லாத்தான் போட்டிருக்கான்." லியோன்சியோ சிரிக்கப் பார்த்தார். வலியில் சிரிப்பு பாதியில் நின்றது. "காலைலயே சொன்னேன்டா நான். என் சேவல் தீனி எடுக்கலை, குறிச்சுக்கோன்னு."

"நல்லாத்தானேப்பா இருந்துச்சு? அவ்வளவு சண்டை போட்டுச்சே?"

அப்பா கழுத்தைத் திருப்பி மகனைப் பார்த்தார். "உன்னைப் போய்ப் படிக்க வெச்சேன் பாரு."

கட்டிலின் மறுபக்கம் நின்றிருந்த யூதிஸ் குனிந்தான். வாழைத்தார் லாரி ஓட்டுகிற தோள். சட்டை முழுக்க அப்பாவின் ரத்தம். "யார்கிட்டப்பா சொன்ன?"

லியோன்சியோ கண்ணை மூடிக்கொண்டார்.

"யார்கிட்டன்னு கேக்கறேன்ல."

"விடுடா."

"பேரை மட்டும் சொல்லு."

"விடுன்னு சொன்னா விடணும்." அதற்குள் கதவு திறந்து கட்டிலை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

தாழ்வாரத்தில் அண்ணனும் தம்பியும் மட்டும் நின்றார்கள். யூதிஸ் அண்ணன் பக்கம் திரும்பினான்.

"அண்ணே, உனக்கு நெஜமாவே தெரியாதா?"

"என்னடா?"

"தீனி எடுக்கலைன்னா என்னன்னு."

"வயித்துக்குச் சரியில்லன்னு..."

யூதிஸ் சுவரில் நெற்றியை ஒரு முறை மோதிக்கொண்டான். "எந்தச் சேவல்காரனாவது சேவலைப் பட்டினி போட்டுக் களத்துக்குக் கூட்டி வருவானா? பெத்த புள்ள சாப்பிட்டுச்சான்னு பாக்காதவன்கூடச் சேவலுக்குக் கையால ஊட்டுவான். எடை ஒத்துப்போயி, ஜோடி சம்பந்தி கூட விழுந்துச்சுன்னா, இல்ல பிள்ளைக்கு ஞானஸ்நானத்துல ஞானத்தகப்பனா நின்னவன் கூட விழுந்துச்சுன்னா, ‘என் சேவல் இன்னைக்கித் தீனி எடுக்கலை’ம்பாங்க. அவ்வளவுதான். ஜோடியைக் கலைச்சிருவாங்க. ஏன்னு ஒருத்தன் கேக்க மாட்டான். பொய்தான்ணே. எல்லாருக்கும் தெரிஞ்ச பொய். அந்தப் பொய்யிலதான் இந்த ஊரு இத்தனை வருசமா ஒருத்தனை ஒருத்தன் வெட்டிக்காம இருக்கு."

வில்கின் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தான்.

அவன் எல்லாரிடமும் கேட்டிருந்தான். பெருமையாகச் சொல்லிக்கொள்வான்: ஜோடி போடும்போது என்னென்ன பார்ப்பீர்கள் என்று ஒவ்வொரு சேவல்காரரையும் உட்கார வைத்துக் கேட்டேன். எடை, கால்முள், வயசு, பழைய காயம். அப்புறம் ஒரு சிலர், ‘தீனி எடுத்ததான்னும் பாப்போம்’ என்றார்கள். வேறு எந்த மென்பொருள்காரனும் விட்டிருப்பான்; வில்கின் விடவில்லை. அதற்கென்றே ஒரு கட்டம் போட்டான். எடுத்தது, எடுக்கவில்லை. எடுக்கவில்லை என்றால், மென்பொருள் போட்ட ஜோடி திரையிலேயே கலைந்துவிடும். காலையில் பதிவு மேசையில் ஒரு தடவை அமுக்கினால் அப்புறம் யாராலும் மாற்ற முடியாது. நேர்மைக்காக அந்தப் பூட்டு. கடைசி நேரத்தில் எவனும் வந்து கதை விடக்கூடாது அல்லவா?

ஊர் பேசிவந்த பொய்யைப் பிடித்து, அதற்கு ஒரு பூட்டுப் போட்டு, சாவியைத் தூர எறிந்திருந்தான்.

"அப்பா தராசுல ரெண்டு சேவலும் ஒரே எடைன்னு பாத்ததுமே போய்ச் சொல்லியிருக்காரு" என்றான் யூதிஸ். "மேசைல இருந்தது பூரா அந்த வீட்டாளுங்க. சொல்லியும் வேணும்னே மாத்திப் போட்டிருக்காங்க. ரதாமெஸ் கணக்கு தனி. அதை போலீஸ் பாக்கட்டும், இல்ல நான் பாக்கறேன். ஆனா அந்தக் கட்டத்தை எந்தக் கை அமுக்குச்சோ, அந்தக் கை எனக்கு வேணும்."

லாரியில் சீட்டுக்கு அடியில் யூதிஸின் வெட்டுக்கத்தி எப்போதும் இருக்கும். வாழைத்தார் வெட்ட.

"நான் கண்டுபிடிச்சுச் சொல்றேன்" என்றான் வில்கின். "அதுவரைக்கும் நீ இங்கேயே இரு. எங்கயும் போகக்கூடாது."

"சத்தியமா பேரைச் சொல்லுவியா?"

"சத்தியமா."

வாக்குக் கொடுப்பதில் வில்கின் எப்போதுமே வேகம். மென்பொருள் எப்போது முடியும் என்று யாராவது கேட்டாலும் இப்படித்தான்.

"அப்பா அந்தக் கதவை விட்டு வெளிய வர்ற வரைக்கும் இருப்பேன்" என்றான் யூதிஸ். "அப்புறம் நானே வந்து பேரை வாங்கிக்குவேன்."

*

வாடகை பைக்கின் பின்னால் உட்கார்ந்து போகும்போது வில்கின் யொகாஸ்தாவைக் கூப்பிட்டான். சந்தியாகோ நகரத்தில் இருப்பவள். அந்த மென்பொருளில் பாதி அவள் எழுதியது. ஓடுகிற பாதி அதுதான் என்று வில்கினே சொல்வான்.

அவன் நடந்ததையெல்லாம் சொல்லி முடித்தான்.

"அந்தக் கட்டம் எதுக்குன்னு நான் கேட்டேன் வில்கின்."

"கேட்ட."

"பசியோட சேவலை எவன்டா கொண்டு வருவான்னு கேட்டேன்."

"நான் போயி விசாரிச்சேனே யொகா. ரதாமெஸ்கிட்ட. ‘இது உடம்பு சம்பந்தப்பட்டதுதானே’ன்னு கேட்டேன். அவன் சிரிச்சுட்டு ஆமான்னான்."

"சிரிச்சான்ல? யாராவது சிரிச்சா அந்த இடத்துலதான் தோண்டணும். நீயும் கூடச் சேர்ந்து சிரிச்சிருப்ப."

சிரித்திருந்தான். ஊர்க்காரர்கள் தன்னோடு இவ்வளவு நெருங்கிவிட்டார்களே என்று அன்றைக்கு உள்ளம் குளிர்ந்து வேறு போயிருந்தான்.

"உன்கிட்ட ஒரு வியாதி இருக்கு" என்றாள் யொகாஸ்தா. "கேள்வியையும் நீயே கேப்ப, பதிலையும் நீயே எடுத்துக் குடுத்துருவ. எதிர்ல இருக்கறவன் ஆமான்னு தலையாட்டினா போதும் உனக்கு. கேட்டுட்டு வாயை மூடு. சங்கடமா இருந்தாலும் மூடிட்டு நில்லு."

"சரி."

"அப்புறம் இன்னொண்ணு. அந்தப் பூட்டை எழுதினது நான். தப்புன்னு தோணுச்சு, வேலை முடியணுமேன்னு எழுதிக் குடுத்தேன். எல்லாத்தையும் நீ மட்டும் தலையில தூக்கி வெச்சுக்காத. உன் தலையில ஏற்கனவே நாற்காலி இருக்கு."

அவள் போனை வைத்த பிறகும் அவன் கொஞ்ச தூரம் போனைக் காதிலேயே வைத்திருந்தான்.

*

பியென்வேயின் வீடு களத்துக்குப் பின்னால். வாசல் கதவைத் தள்ளியதும் யாரோ வில்கினின் சட்டையைப் பிடித்து இழுத்து, அப்படியே கூண்டு வரிசையின் மேல் சாத்தினார்கள். ரதாமெஸ். கூண்டுக்குள் சேவல்கள் அலறிக்கொண்டு கம்பியில் மோதின. ஒன்று கம்பி வழியாக வில்கினின் காதைக் கொத்தி ஒரு துண்டை எடுத்துக்கொண்டது.

"எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வர்ற? உங்கப்பன் எங்கப்பன் மண்டைய உடைப்பான், நான் வேடிக்கை பாக்கணுமா?"

"ஒண்ணே ஒண்ணு கேக்க வந்தேன் மச்சான். அப்பா காலைல தீனி எடுக்கலைன்னு சொன்னாராமே, உன்கிட்டதானே? நீதானே மாத்திப் போட்ட?"

பதில் வாயால் வரவில்லை. முஷ்டி மூக்கில் விழுந்தது. உள்ளே ஏதோ குச்சி முறிகிற மாதிரி ஒரு சத்தம். சூடாக வழிந்து உதட்டுக்கு வந்தது. வில்கினுக்குத் தன் ரத்தத்தின் ருசி தெரிந்து கால்கள் தளர்ந்தன. ரதாமெஸ் சட்டையை விடாததால் விழாமல் தொங்கினான்.

"அந்தப் பெட்டியத் தொடவே எனக்குத் தெரியாதுடா! காலைல பூரா தராசுலதான் நின்னேன், யாரை வேணா கேளு!" இன்னொரு அடி, இந்தத் தடவை வயிற்றில். "உன் பெட்டி இல்லன்னா இதெல்லாம் நடந்திருக்குமா? சொல்லு! நடந்திருக்குமா?"

"நடந்திருக்காது" என்றான் வில்கின், மூச்சு வாங்க.

ரதாமெஸ் அதை எதிர்பார்க்கவில்லை. ஓங்கிய கை அப்படியே நின்றது.

"அன்னைக்கி நான் கேட்டப்போ ஏன் சிரிச்ச?"

"எப்போ?"

"தீனின்னா உடம்புக்கான்னு கேட்டப்போ."

ரதாமெஸ் சட்டையை விட்டான். வில்கின் கூண்டைப் பிடித்துக்கொண்டு சரிந்து உட்கார்ந்தான். ரதாமெஸ் தன் கையைப் பார்த்தான். நகக்கண்ணில் இன்னும் காய்ந்த ரத்தம் இருந்தது. எவ்வளவு கழுவியும் போகாதது.

"நீ அவ்வளவு சந்தோசமா எழுதிக்கிட்டிருந்த மச்சான்" என்றான். "இல்லைன்னு சொல்ல மனசு வரல." அந்தக் கையைச் சட்டையில் துடைத்தான். "உங்கப்பா செத்துருவாரா?"

"தெரியல."

"கத்திய காட்டத்தான் போனேன். ஆத்தா மேல சத்தியமா, காட்டத்தான் போனேன்."

வில்கின் எழுந்து, மூக்கைக் கையால் பொத்திக்கொண்டு உள்ளே போனான்.

சாப்பாட்டு மேசையில் துண்டு விரித்து பிஷப்பைப் படுக்க வைத்திருந்தார்கள். எதிரில் பியென்வே, தலையில் பெரிய கட்டு, மடியில் பழைய ரிவால்வர். கட்டைத் தாண்டி ஒரு கோடு ரத்தம் புருவத்தில் காய்ந்திருந்தது.

"வா மாப்ள. உன் தம்பி வர்றானாமே."

"இன்னும் வரல மாமா."

"வந்தா சுடுவேன். சொல்லிட்டேன். பொறவு என்மேல வருத்தப்படக் கூடாது." ஏதோ காபிக்குச் சர்க்கரை தீர்ந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னார். பிறகு பிஷப்பின் இறகை ஒரு விரலால் நீவினார். "எடை போட்டப்பவே எனக்குத் தெரியும். ரெண்டும் ஒரே எடை. நானே சொல்லியிருக்கணும். ஆனா எப்பவும் உங்கப்பாதான் முந்திக்குவாரு. அவரு சேவல்தான் தீனி எடுக்காது. நல்ல மனுசன். இன்னைக்கி மட்டும் சொல்லலியே, வேணும்னே சபைல இழுக்கறானேன்னு நெனச்சேன். கோவம் கண்ணை மறைச்சிருச்சு."

"அவரு சொன்னாரு மாமா."

பியென்வேயின் விரல் இறகின் மேல் நின்றது.

"சொன்னாரா?"

"காலைலயே. மேசைல."

பெரியவர் பின்கட்டுப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பார்த்த வேகத்தில் கண்ணைத் திருப்பிக்கொண்டார். முகத்திலிருந்த கோபமெல்லாம் வடிந்து, வேறு ஏதோ ஒன்று வந்து உட்கார்ந்தது. பயம் மாதிரி இருந்தது. தம்பியின் வெட்டுக்கத்திக்குப் பயப்படாத மனுஷன்.

"அது... கூட்டத்துல..." என்று இழுத்தார்.

"சத்தத்துல காதுல விழுந்திருக்காது. அப்படித்தானே மாமா?"

"ஆமா ஆமா. அப்படித்தான். ஒரே சத்தம்." அவர் அவசரமாகத் தலையாட்டினார். "மூக்கைக் கழுவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போ மாப்ள. இதைக் கிளறாத."

வாசல்படி தாண்டிய பிறகுதான் வில்கினுக்கு உறைத்தது. மறுபடியும் கேள்வியைக் கேட்டு, பதிலையும் தானே எடுத்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான்.

ரதாமெஸ் தராசில் நின்றான். மாமா எப்போதும் வாசலில் நின்று வருகிறவர்களைக் கட்டிப்பிடித்து உள்ளே விடுகிறவர். அப்படியென்றால் மேசையில்? வேலையிடத்தில், எங்கே கோளாறு என்று ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்துக் கண்டுபிடிப்பதில் வில்கின் பேர் வாங்கியவன். இந்தக் கழித்தலை மட்டும் அவன் மனசு போட மறுத்தது.

*

பின்கட்டில் வெயில் தாழ்ந்திருந்தது. நெரேய்தா கூண்டு கூண்டாகப் போய்ச் சோளம் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கை வயிற்றின் அடியில், ஒரு கை கிண்ணத்தில். பிஷப்பின் கூண்டு முன்னால் வந்ததும் கை பழக்கத்தில் சோளத்தை அள்ளியது. அப்புறம் திருப்பிக் கிண்ணத்திலேயே போட்டாள்.

அவனைப் பார்த்ததும் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். இடுப்பில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து அவன் மூக்கில் வைத்து அழுத்தினாள்.

"ரதாமெஸா?"

"ம்."

"அண்ணாந்து பாரு. ரத்தத்தைப் பாக்காத. மயங்கி விழுந்தா தூக்கற நெலமைல நான் இல்ல." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. துணியை இன்னும் அழுத்தினாள். "மாமா எப்படி இருக்காரு?"

"இன்னும் ஆபரேஷன் தியேட்டர்லதான்."

வெளியே தெருமுனையில் லாரி ஹாரன் விடாமல் அலறியது. தெனாரெஸில் அந்த ஹாரனைத் தெரியாதவர்கள் இல்லை. பிரேக் கிறீச்சிட்டது. வாசல் கதவை எதனாலோ ஓங்கி அடிக்கும் சத்தம். கூண்டுகளில் எல்லாச் சேவலும் ஒன்றாகக் கத்தத் தொடங்கின.

"அண்ணே! அப்பாவை வெளிய கொண்டாந்துட்டாங்க! உசுரு இருக்கு, இன்னும் கண்ணு முழிக்கல! வெளிய வா! பேரைச் சொல்லு!"

உள்ளே மேசை நகர்ந்தது. பியென்வே எழுந்துவிட்டார். "எவனும் படி தாண்டக் கூடாது!" என்று அவர் கத்தினார். ரதாமெஸின் காலடி முற்றத்தில் ஓடியது. கதவில் மறுபடி அடி விழுந்தது. இந்த முறை அது வெட்டுக்கத்திதான் என்று சத்தத்திலேயே தெரிந்தது.

வில்கின் மனைவியின் மணிக்கட்டைப் பிடித்து, துணியை மூக்கிலிருந்து விலக்கினான்.

"நெரேய்தா. அப்பா காலைல யார்கிட்ட சொன்னாரு?"

அவள் கீழே வைத்த கிண்ணத்தைப் பார்த்தாள்.

அவன் நாக்கு நுனியில் பதில்கள் வரிசையாக வந்து நின்றன. சத்தத்துல கேட்டிருக்காது, இல்ல? கை தவறிப் பட்டிருக்கும், இல்ல? அப்பாவுக்கு மயக்கத்துல ஞாபகம் தப்பியிருக்கும், அப்படித்தானே? எதை நீட்டினாலும் அவள் பிடித்துக்கொள்வாள். அவனும் அதை நம்பிவிடுவான். இரண்டு பேரும் வீட்டுக்குப் போய்ப் பிள்ளை பெற்றுக்கொள்ளலாம்.

வாயை மூடிக்கொண்டு நின்றான்.

கதவில் அடி விழுந்தது. இன்னொன்று. மரம் பிளக்கும் சத்தம். அப்போதும் அவன் வாயைத் திறக்கவில்லை. அவனுடைய வாழ்க்கையிலேயே மிகச் சங்கடமான மௌனம் அதுதான்.

நெரேய்தா தன் வலது கையை அவன் பிடியிலிருந்து உருவி, விரித்து, அவன் கண் முன்னால் காட்டினாள்.

"என்கிட்டதான். ‘என் சேவல் தீனி எடுக்கலைம்மா, குறிச்சுக்கோ’ன்னாரு. ரெண்டு தரம் சொன்னாரு. அதுக்கு என்ன அர்த்தம்னு உனக்குத்தான் தெரியாது வில்கின். நான் இந்தக் களத்துலயே வளந்தவ. தெரிஞ்சேதான் ‘எடுத்தது’ன்னு அமுக்கினேன். ரெண்டும் ஒரே எடை, உன் திரைல வரப்போற மொத ஜோடி அது. மொத ஜோடியே கலைஞ்சா, உன் மிஷினுக்கு ஒண்ணும் தெரியலன்னு ஊரே சிரிக்கும். நீ ஏணி மேல திருகாணியக் கடிச்சுக்கிட்டு என்னைப் பாத்து அப்படிச் சிரிச்ச. நீ ஒரு நாள் ஜெயிக்கணும்னு எனக்கு இருந்துச்சு. அவ்வளவுதான்."

அவள் கையை இறக்கவில்லை.

"உன் தம்பி நிக்கிறான். போய்ப் பேரைச் சொல்லு."